பேரன் சொன்ன கிழிசல்

கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் எழுதவில்லை. பேரன் கோடை விடுமுறைக்கு வந்திருந்தான். எட்டாம் வகுப்பு முடித்தவன். என் மகன் அவனையும் அவன் கம்ப்யூட்டரையும் காரில் கொண்டுவந்து உத்தமபாளையத்தில் இறக்கிவிட்டு மறுநாளே கிளம்பிவிட்டான்.

மூன்றாம் நாள் பையன் என்னைக் கூப்பிட்டான். "தாத்தா, படம் கிழியுது, பாருங்க."

அவன் ஆடுவது யூரோ டிரக் என்ற லாரி ஓட்டும் விளையாட்டு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். லாரி போகிறது, மரம் போகிறது. கிழிசல் ஒன்றும் தெரியவில்லை.

"வளைவுல திரும்பும்போது பாருங்க. கரண்டு கம்பம் ரெண்டா ஒடிஞ்சு போகுது."

மறுபடியும் பார்த்தேன். கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. "புது மானிட்டர் வாங்க இப்பவே அடிபோடுறியாக்கும்?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் பேசாமல் திரும்பிக்கொண்டான். அப்பாவிடமும் முன்பே சொல்லியிருக்கிறான். ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் காட்டியிருக்கிறான். அதில் கம்பம் முழுசாக நின்றதால் அங்கேயும் பேச்சு எடுபடவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காரணம் கம்ப்யூட்டர் இல்லை, 1989.

அப்போது நம் ஊர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. எனக்கு நான்காம் வகுப்பு. கரும்பலகையில் கணக்கு எழுதிப் போட்டால் ஒரு பையன் மட்டும் 8 ஐ 3 என்று எழுதுவான், 6 ஐ 0 என்பான். கேட்டால் "எழுத்து கலங்குது சார்" என்பான். சாக்குச் சொல்கிறான் என்று நினைத்துப் பிரம்பை எடுத்தேன். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, இரண்டு மாதம். பிறகு கண் பரிசோதனை முகாம் வந்தது. டாக்டர் அவனைப் பார்த்து முடித்துவிட்டு, "இந்தப் பிள்ளை இத்தனை நாள் எப்படிப் படிச்சது?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கண்ணாடி போட்டு வந்த அன்று அவன் பலகையைப் பார்த்துச் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

காலையில் காபி குடித்த கையோடு பேரனிடம் போனேன். "வாடா, நீ சொன்னதைச் சோதிச்சுப் பார்ப்போம்" என்றேன். செல்போனில் ஸ்லோமோஷன் வைத்து, லாரி வளைவில் திரும்பும்போது ஸ்கிரீனைப் படம் பிடித்தோம். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் கம்பத்தின் மேல்பாதி ஓரிடத்தில், கீழ்ப்பாதி ஒரு விரற்கடை தள்ளி. பையன் ஒன்றும் பேசவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தான்.

இனிக் கொஞ்சம் பாடம். (வாத்தியாரை வேறு எப்படி எழுதச் சொல்கிறீர்கள்?)

டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பிலிம் ஒரு விநாடிக்கு 24 படம் ஓடும். ஆனால் வழுக்கிக்கொண்டே ஓடாது. ஒரு படம் நிற்கும், அடுத்தது இழுபடும், நிற்கும். இழுபடுகிற நேரத்தில் ஒரு தகடு சுழன்று வந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். அந்தத் தகடு தாளம் தப்பினால் வெள்ளை எழுத்துக்கெல்லாம் வால் முளைத்ததுபோலத் திரையில் கோடு இழுக்கும்.

கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். பேரனுடைய மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 60 முறை மேலிருந்து கீழாகப் படத்தை வரைகிறது. ஒருமுறை வரைய ஏறக்குறைய 16.7 மில்லிவிநாடி. கிராபிக்ஸ் கார்டு தன் போக்கில் 80, 90 என்று படம் தயாரித்துத் தள்ளுகிறது. மானிட்டர் பாதி வரைந்துகொண்டிருக்கும்போது கார்டு அடுத்த படத்தை நீட்டினால் மேலே பழைய படம், கீழே புதுப் படம். சேரும் இடம்தான் கிழிசல். வளைவில் திரும்பும்போது காட்சி பக்கவாட்டில் வேகமாக நகர்வதால், நட்டமாக நிற்கிற கம்பமும் மரமும் ஒடிந்ததுபோலத் தெரிகின்றன. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கார்டில் இருக்கும் முழுப் படம்தான் வரும். அதனால்தான் பையனுடைய சாட்சி எடுபடவில்லை.

இதைத் தடுக்க வி-சிங்க் என்று ஓர் அமைப்பு உண்டு. மானிட்டர் வரைந்து முடிக்கும்வரை கார்டைக் காக்க வைக்கும், அந்தத் தகட்டின் வேலை மாதிரி. அதை அணைத்தால் கை அசைவு சீக்கிரம் ஸ்கிரீனில் தெரியும் என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு இவன் அணைத்து வைத்திருக்கிறான். சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் லாரி ஓட்ட அவ்வளவு அவசரம் எதற்கு? திரும்பப் போட்டோம். கிழிசல் போய்விட்டது.

அரைமணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு லாரி நம் குமுளி மலைப்பாதையில் ஏறுகிற பழைய பஸ் மாதிரி திணறித் திணறிப் போனது. இது வேறு நோய். 16.7 மில்லிவிநாடிக்குள் படம் தயாராகவில்லை என்றால் அடுத்த முறைக்குத்தான் இடம் கிடைக்கும். கம்பம் பஸ்ஸை ஒரு நிமிடத்தில் தவறவிட்டாலும் அடுத்த பஸ் வரும்வரை நிற்கிறோமே, அப்படித்தான். அதனால் 60 என்பது சட்டென்று 30 ஆகிவிடும்.

ஏன் அரைமணி கழித்து? ஒரு நோட்டுப் போட்டு எழுதினோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று சட்டம். நிழல்களின் தரத்தைக் குறைத்தோம், திணறல் கொஞ்சம் தள்ளி வந்தது, போகவில்லை. பிறகு வெப்பத்தைக் குறித்தோம். திணறத் தொடங்கும்போதெல்லாம் கார்டு 90 டிகிரிக்குப் பக்கத்தில். சூடு எல்லை தாண்டினால் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியைத் திறந்தால் தூசி, பஞ்சு மெத்தையாக. அதைச் சுவர் அலமாரிக்குள் காற்றுப் புகாமல் வைக்கச் சொன்னதும் இந்தத் தாத்தாதான், சித்திரை வெயிலில்.

கரண்டைப் பிடுங்கிவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினோம். தட்டும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். மேசைமேல் எடுத்து வைத்தோம். 74 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. செலவு, பிரஷ் விலை மட்டும்.

கார்டுக்காக மானிட்டரே காத்திருக்கிற வகையும் இருக்கிறது. என்விடியா 2013 இல் ஜி-சிங்க் என்று அறிவித்தது, ஏஎம்டியினுடையது ஃப்ரீசிங்க். பேரன் அதைப் பற்றி நயமாக எடுத்துச் சொன்னான். ஆக, அடிபோடவே இல்லை என்றும் சொல்ல முடியாது!

அவனிடம், "அன்னைக்கு நான் உன்னை நம்பியிருக்கணும்டா" என்றேன். "பரவால்ல தாத்தா, எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு லாரியைக் கிளப்பினான். போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டான்.

அந்த 1989 பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். இங்கே என்ன எழுதினாலும் முதலில் "வணக்கம் சார்" போடுகிறவன் அவன்தான். பிரம்படியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. டாக்டர் கேட்ட அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் தம்பி, சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. நீ பொய் சொல்லவில்லை. நான் அடித்தது தப்பு. அடுத்த முறை ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. பிள்ளைகளையும் கூட்டி வா.