நின்ற இடத்தில் சுற்றிய ட்ரோன்

ஆரணி என்றதும் பலருக்குப் பட்டுச்சேலைதான் நினைவுக்கு வரும். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. திருவள்ளூர் மாவட்டத்திலும் ஓர் ஆரணி இருக்கிறது. ஆரணியாற்றங்கரையில் உள்ள பேரூராட்சி. சுற்றுவட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டத்துக்குப் பட்டம் நெல் விளைகிறது. விவசாயம் பார்க்கும் வீடுகளிலிருந்தே பிள்ளைகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்ட் வேலைக்கும் போய் வருகிறார்கள்.

அப்படி ஒரு வீடு. மூன்று ஏக்கர் நெல். அப்பா இல்லை. நிலத்தைப் பார்ப்பது அம்மா. டிப்ளமா முடித்த மகன் சிப்காட்டில் ஒப்பந்த வேலை செய்கிறார். அம்மாவின் தம்பி, அதாவது தாய்மாமன், பம்ப்செட் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்து முப்பது வருடம் ஆகிறது. இந்த மூன்று பேருக்கும் நடுவில் ஒரு பழைய ட்ரோன் வந்து சேர்ந்தது.

வெள்ளம் வாங்க வைத்தது

ஆந்திராவில் இருக்கும் பிச்சாட்டூர் அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்றாலே ஆரணியாற்றங்கரை ஊர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் சம்பா வயல்கள் மூழ்கின. இவர்கள் நிலத்திலும் தண்ணீர் நின்றது. பக்கத்து நிலங்களில் வடிந்த பிறகும் இங்கே மட்டும் வடியவில்லை. எந்த இடத்தில் அடைப்பு, எந்த வாய்க்கால் எதிர்த்து அடிக்கிறது என்று வரப்பில் நின்று பார்த்தால் தெரியவில்லை. முழங்கால் சேற்றில் அம்மாவும் மகனும் நாலு நாள் நடந்தும் பிடிபடவில்லை.

"மேல இருந்து ஒரு தபா பாத்தா தெரிஞ்சிடும்மா" என்றார் மகன். அந்த ஒரு நினைப்பில்தான், ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவான பழைய கேமரா ட்ரோன் ஒன்றை 38,000 ரூபாய்க்கு வாங்கினார். பாதி அவர் சேமிப்பு. மீதி, அடகில் இருந்த கம்மலை மீட்க அம்மா கட்டிவந்த சீட்டுப் பணம்.

வாங்கி வந்த வாரமே தொந்தரவு தொடங்கியது. மொட்டைமாடியில் பத்தடி உயரத்தில் நிறுத்தினால், ட்ரோன் நகரவில்லை, சாயவில்லை. ஆனால் மூக்கு மட்டும் மெதுவாக இடது பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. ரிமோட்டில் கை வைக்காமலே திரும்பியது. கிழக்கே பார்த்து நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் வடக்கே பார்க்கும். மூக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் முன்னே போகச் சொன்னால் அது பக்கவாட்டில் பாயும்.

ஒரு நாள் வயலோரம் அப்படித்தான் பாய்ந்தது. பனைமட்டையில் உரசி வரப்பில் விழுந்தது. எடுத்துத் துடைத்துப் பறக்கவிட்டபோது நிலைமை இன்னும் மோசம். மெதுவாகத் திரும்பியது போய், யாரோ பிடித்து முறுக்குவதைப்போல் ஒரு பக்கமாக இழுத்தது. அதே வாரம் அவர்கள் வயலில் நவரை நடவு. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "நடவு ஆளுங்க இருக்கிற பக்கம் அத எடுத்துக்கினு வராத. யார் தலைலயாவது விழுந்தா எந்த மொகத்த வெச்சிக்கினு நிப்போம்?"

கம்மல் பணத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் மகனுக்குக் கனத்தது.

மாமா கடையில் மேசை மேல்

ட்ரோனை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, அதற்கு முன் ஒரு முறை காட்டிவிடலாம் என்று மாமா கடைக்கு எடுத்துப்போனார். மாமா ட்ரோனைத் தொட்டதே இல்லை.

"இன்னா மாப்ள, இதுலயும் மோட்டார் தான சுத்துது?"

"ஆமா மாமா. நாலு மோட்டாரு."

"எல்லாம் ஒரே பக்கமா சுத்துதா?"

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருந்தது. நான்கும் ஒரே பக்கம் சுற்றுவதில்லை. குறுக்கே எதிரெதிராக இருக்கும் இரண்டு மோட்டார்கள் வலம்சுழி. மற்ற இரண்டு இடம்சுழி. அப்படி வைத்திருப்பதற்கான காரணத்தை மாமா தன் தொழிலிலிருந்தே சொன்னார். போல்ட் போட்டு இறுக்காத மோனோபிளாக் மோட்டாருக்குக் கரன்ட் கொடுத்தால் என்ன ஆகும்? உள்ளே ஷாஃப்ட் ஒரு பக்கம் சுற்றத் தொடங்கும்போது, வெளிக்கூடு எதிர்ப்பக்கம் உதறும். சிமென்ட் மேடையும் போல்ட்டும்தான் அந்த உதறலைத் தாங்கிக்கொள்கின்றன. ஆகாயத்தில் நிற்கும் ட்ரோனுக்கு மேடை ஏது? அதனால் இரண்டு மோட்டார்கள் கொடுக்கும் உதறலை மற்ற இரண்டும் எதிர்ப்பக்கம் கொடுத்துச் சரிக்கட்டுகின்றன. தராசுத் தட்டு மாதிரி. ஹெலிகாப்டருக்கு மேலே ஒரே பெரிய இறக்கை இருப்பதால், அந்தச் சரிக்கட்டும் வேலையை வாலில் உள்ள சின்ன இறக்கை செய்கிறது.

ட்ரோன் திரும்ப வேண்டுமென்றால், ஒரு குறுக்கு ஜோடியை வேகப்படுத்தி மறு ஜோடியைக் குறைப்பார்கள். இப்படி மூக்கைத் திருப்புவதை ட்ரோன் ஓட்டுபவர்கள் 'யா' என்கிறார்கள். நாம் சொல்லாமலே அது திரும்பினால் இரண்டில் ஒன்று. தராசு சாய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தராசைப் பார்க்கும் கண் தப்பாகப் பார்க்க வேண்டும். உடம்பில் கோளாறா, உணர்வில் கோளாறா என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"மொதல்ல எப்டி திரும்புச்சு, விழுந்தப்புறம் எப்டி திரும்புது?" என்று கேட்டார் மாமா. மெதுவாக நழுவியது முதல் கதை. வெடுக்கென்று இழுப்பது இரண்டாம் கதை. "அப்ப ரெண்டு சீக்கு இருக்குது மாப்ள. ஒண்ணு ஒண்ணா பாரு. ரெண்டையும் ஒண்ணா நோண்டுனா எது சரியாச்சின்னு தெரியாம பூடும்."

முதல் சீக்கு: இரும்பு

மெதுவாக நழுவியது மொட்டைமாடியில். ட்ரோனுக்குள் ஜைரோ என்ற உணரி உண்டு. உடம்பு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அது சொல்லும். எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சொல்வது காம்பஸ். காம்பஸ் நம்பியிருப்பது பூமியின் காந்தப்புலத்தை. அது மிக மெலிந்தது. சென்னைப் பக்கம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லாதான். பீரோ கதவில் ஒட்டும் சின்னக் காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதில் நூறில் ஒரு பங்கு இருக்கும். கான்கிரீட்டுக்குள் ஓடும் கம்பியே அதைக் குழப்பப் போதும்.

மகன் செல்போனில் உள்ள திசைகாட்டியைத் திறந்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் தளத்துக்குப் பக்கமாகப் பிடித்தபடி நேர்கோட்டில் நடந்தார். நேராக நடக்கும்போது முள் அசையக் கூடாது. ஆனால் தூண் வரும் இடமெல்லாம் முள் ஆடியது. அறுப்பு முடிந்த வயலின் நடுவில் அதையே செய்தபோது முள் அசையவில்லை. அவர் செய்திருந்த இன்னொரு காரியமும் அப்போது புரிந்தது. ட்ரோன் திரும்புகிறதே என்று அந்த மாடியிலேயே நின்று காம்பஸை மறுபடி சீரமைத்திருந்தார். கோணலான கோலை வைத்து அளவு குறித்த மாதிரி ஆகிவிட்டது.

இரும்பும் மின்சாரமும் காந்த முள்ளைக் கெடுப்பது இன்று நேற்று வந்த சங்கதி இல்லை. மும்பை கொலாபாவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து பூமியின் காந்தப்புலத்தை அளந்துவந்தார்கள். நகரத்துக்கு மின்சார டிராம் வரப்போகிறது, அதனால் அளவு கெடும் என்று தெரிந்ததும், கடலுக்கு அப்பால் அலிபாகில் 1904இல் புதிய காந்த ஆய்வகம் தொடங்கினார்கள். காந்தத்தன்மை இல்லாத கல்லைக் கொண்டு அதைக் கட்டினார்கள். இரண்டு வருடம் இரண்டு இடத்திலும் அளந்து ஒப்பிட்ட பிறகே கொலாபாவின் வேலையை அலிபாகுக்கு மாற்றினார்கள். டிராமை நிறுத்தச் சொல்ல முடியாது. அளக்கும் இடத்தை மாற்றலாம்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்பு உருக்காலைகள், தகரக் கொட்டகைகள், உயர் அழுத்த மின்கம்பிகள் எல்லாம் உண்டு. வயலிலேயே ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாயும் ஸ்டார்ட்டர் பெட்டியும் இருக்கும். இவை எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி, பைக்கை வரப்புக்கு அப்பால் நிறுத்தி, சாவியையும் செல்போனையும் ஓரமாக வைத்துவிட்டு, காம்பஸை மறுபடி சீரமைத்தார். பிறகு சமமான பலகையில் ட்ரோனை வைத்து ஆன் செய்து, விளக்கு நிலைக்கும்வரை தொடாமல் விட்டார். ஜைரோ தன் 'அசையா நிலை' எது என்று கற்றுக்கொள்வது அந்தச் சில நொடிகளில்தான். கையில் பிடித்துக்கொண்டு ஆன் செய்தால் கையின் ஆட்டத்தையே அசையா நிலை என்று அது எடுத்துக்கொள்ளக்கூடும்.

மெதுவாக நழுவுவது நின்றது. வெடுக்கென்ற இழுப்பு மட்டும் பாக்கி.

இரண்டாம் சீக்கு: கை

அடுத்து மாமாவின் முறை. ஆள் இல்லாத தரிசில், இடுப்பு உயரத்தில், ஒரு நிமிடம் மட்டும் நிற்க வைத்து இறக்கச் சொன்னார். பேட்டரியைக் கழற்றிய பிறகு நான்கு மோட்டாரையும் விரலால் தொட்டுப் பார்த்தார். முப்பது வருடம் மோட்டார் சூட்டைத் தொட்டுப் பார்த்த விரல். ஒரு மோட்டார் மட்டும் சூடாக இருந்தால் பேரிங் இறுகியிருக்கும், அல்லது ஷாஃப்டில் முடியோ நூலோ சுற்றியிருக்கும். இங்கே அப்படி இல்லை. குறுக்கே எதிரெதிராக இருந்த இரண்டு சூடு. மற்ற இரண்டும் வெதுவெதுப்பு.

"ரெண்டு மாடு இழுக்குது, ரெண்டு மாடு சும்மா நடக்குது" என்றார். அதாவது, எங்கோ ஒரு முறுக்கு இருக்கிறது. அதை எதிர்த்து நிற்க ஒரு ஜோடி ஓயாமல் கூடுதலாக உழைக்கிறது. உழைப்பு எல்லையைத் தொட்டதும் ட்ரோன் தோற்றுத் திரும்புகிறது.

இறக்கைகளை மாற்றிப் பார்த்தார்கள். இழுப்பு மாறவில்லை. பிறகு ட்ரோனை மேசைக் கண்ணாடி மேல் வைத்து, ஒவ்வோர் இறக்கையையும் கையால் சுற்றி, நுனி கண்ணாடியிலிருந்து எவ்வளவு உயரம் என்று இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளந்தார்கள். மூன்று மோட்டாரில் இரண்டு பக்கமும் ஒரே அளவு. நான்காவதில் ஒரு பக்கம் நாலு மில்லிமீட்டர் குறைவு. அந்தக் கையின் அடியில், மோட்டார் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், முடியளவு விரிசல். பனைமட்டை செய்த வேலை. மோட்டார் பக்கவாட்டில் சாய்ந்திருந்ததால், மேலே தூக்க வேண்டிய விசையில் ஒரு பங்கு ட்ரோனைச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தது.

பசை போட்டு ஒட்டிவிடலாம் என்றார் மகன். மாமா ஒப்பவில்லை. "மேசைல நிக்கும். மேல போயி இழுக்கும்போது வாயத் தொறக்கும். தலைக்கு மேல ஓடுறதுல ஒட்டு வேல வேணாம்." சென்னை ரிச்சி தெருவில் அரை நாள் அலைந்து அதே மாடலுக்கு மாற்றுக் கை வாங்கி வந்தார்கள். பொருத்திய பிறகு மறுபடி ஒரு நிமிடம் நிற்க வைத்து இறக்கினார்கள். நான்கு மோட்டாரும் ஒரே சூடு. மூக்கு திரும்பவில்லை.

தெளிப்பு ட்ரோனுக்கும் இதே கணக்கு

மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோன்களில் ஆறு கைகள்கூட இருக்கும். ஆனால் பாதி வலம்சுழி, பாதி இடம்சுழி என்ற கணக்கு மாறாது. பத்து லிட்டர் மருந்தோடு மூக்கு திரும்பினால் பக்கத்துக் கீரைப் பாத்தியில் போய் விழும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000க்கு 80 சதவிகித மானியத்தில், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை உதவியோடு ட்ரோன் தரும் 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்துக்கு மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. ஓட்டப்போகும் பெண்கள் இறக்கை வரிசையையும் மோட்டார் சூட்டையும் பார்க்கப் பழகிவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை 'மைக்ரோ' வகை. தொழிலுக்கு இல்லாமல் சொந்தத்துக்கு ஓட்டினால் ரிமோட் பைலட் சான்று தேவையில்லை. ஆனால் பதிவு எண் வேண்டும். பழையது வாங்கினால் அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலங்களை வரைபடத்தில் பார்த்த பிறகே பறக்கவிட வேண்டும்.

அந்த வீட்டில் ட்ரோன் விற்கப்படவில்லை. மேலிருந்து எடுத்த படத்தில், வண்டிப்பாதைக்கு அடியில் போகும் வாய்க்கால் குழாய் ஒன்று மண் மூடிக் கிடந்தது தெரிந்தது. மூன்று நிலத்துக்காரர்கள் சேர்ந்து அதைத் தோண்டி எடுத்தார்கள். கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. அடுத்த சீட்டு ஓடுகிறது. நடவு ஆட்கள் தலைக்கு மேல் ட்ரோன் கூடாது என்ற அம்மாவின் சட்டமும் அப்படியே இருக்கிறது. கோளாறு சரியான பிறகும் அதை மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. மகனும் கேட்கவில்லை.

ட்ரோன் நின்ற இடத்தில் சுற்றினால்…

* மெதுவாக நழுவினால் உணர்வுக் கோளாறாக இருக்கலாம். வெடுக்கென்று இழுத்தால் உடம்புக் கோளாறாக இருக்கலாம்.
* இரும்பு, கான்கிரீட், மின்பெட்டி, வாகனம் இல்லாத வெட்டவெளியில் காம்பஸைச் சீரமைக்கவும்.
* சமதளத்தில் வைத்து ஆன் செய்யவும். விளக்கு நிலைக்கும்வரை தொட வேண்டாம்.
* ரிமோட்டின் குச்சி நடுவில் நிற்கிறதா, அடியில் தூசு இருக்கிறதா என்று பார்க்கவும்.
* இறக்கைகள் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா, விரிசல் உண்டா என்று பார்க்கவும்.
* இறக்கியதும் பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டார்களைத் தொட்டுப் பார்க்கவும். ஒன்று மட்டும் சூடு என்றால் பேரிங் அல்லது நூல். குறுக்கு ஜோடி சூடு என்றால் கை சாய்ந்திருக்கலாம்.
* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவும். மாற்றியதை எழுதி வைக்கவும்.
* சோதனை எல்லாம் ஆளும் மாடும் இல்லாத இடத்தில், இடுப்பு உயரத்தில், நாலு ஐந்து மீட்டர் தள்ளி நின்று.