மாவு மில்லும் மாட்டிக்கிட்ட நாலு த்ரெட்டும்

டிஸ்கி: நடுவுல கொஞ்சம் பொட்டி தட்டற சமாச்சாரம் வரும். அந்தப் பக்கம் போகாதவங்க மில்லுக் கதையை மட்டும் படிச்சுட்டு எஸ்கேப் ஆகிக்கலாம். கோச்சுக்க மாட்டேன் :-)

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஊருக்குக் கிளம்ப பையை ஆபீசுக்கே எடுத்துட்டு வந்திருந்தேன். ஆறு மணிக்கு மேல எங்க சர்வீஸ் படுத்துருச்சு. படுத்துருச்சுன்னா செத்துப் போகலை. உயிரோட இருக்கு, ஆனா யார் கூப்பிட்டாலும் பதில் இல்லை. சிபியு மூணு பர்சென்ட். மெமரி தாராளமா கிடக்கு. டேட்டாபேஸ் ஈ ஓட்டுது. "நல்லாதானே இருக்கே?"ன்னு எல்லா கிராஃபும் சொல்லுது. கஸ்டமர் மட்டும் கத்தறான்.

அன்னிக்கு அஞ்சரைக்கு எங்க டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு ஒரு சின்ன மாற்றம் போட்டிருந்தாங்க. லாக் எழுதற இடத்துல ரெண்டு லைன். வேற என்ன மாறுச்சுன்னு தேடினா ஒண்ணுமே இல்லை. சரி, அதைத் திருப்பி எடுத்தோம். ஏழு மணிக்கு எல்லாம் சரியாச்சு. அப்புறம் என்ன, கேஸ் முடிஞ்சுது. அந்தப் பொண்ணு டீம் மொத்தத்துக்கும் சாரி சொல்லி மெயில் அனுப்பினாங்க. நான் சீனியர் இல்லையா, பெரிய மனசு பண்ணி, "பரவால்லம்மா, எல்லாருக்கும் நடக்கறதுதான்"னு சொல்லிட்டு நைட் பஸ் ஏறிட்டேன்.

இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி நானே நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி ஆச்சு.

மாமா வீடு கொல்லிமலையில, அரியூர் நாட்டுல. மலையில ஊரையெல்லாம் நாடு நாடாத்தான் சொல்லுவாங்க: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேளூர் நாடு, இப்படி. சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளியில ஏற ஆரம்பிச்சா 70 கொண்டை ஊசி வளைவு. எழுபதையும் எண்ணினவன் எவனும் வாந்தி எடுக்காம மேல போனதில்லைன்னு மாமா சொல்லுவார். நான் இருபதோட எண்றதை நிறுத்திட்டேன்.

வீட்டுக்குப் போய் காபித்தண்ணி குடிச்சு முடிக்கறதுக்குள்ள அத்தை கையில ஒரு பையைக் குடுத்தாங்க. "சும்மாதானே இருக்கே கண்ணு, இந்தக் கேவுரை அரைச்சுட்டு வந்துரு."

மில்லுல ஒரே மெஷின், ஒரே ஆள். ஆனா கூட்டம் கிடையாது. வாசல்ல பை, டின்னு, தூக்குன்னு வரிசையா உக்காந்திருக்கு. வெச்சவங்க யாரும் அங்க இல்லை. ஒருத்தர் காட்டுக்குப் போயிட்டார், ஒருத்தர் டீக்கடையில. மில்லுக்காரர் ஒவ்வொண்ணா எடுத்து மெஷின்ல கொட்டறார், அரைச்சு முடிச்சதும் தனியா வைக்கறார். அவங்கவங்க வந்து எடுத்துக்கறாங்க. ஒரு ஆளு, ஒரு மெஷின், ஊருக்கே மாவு. அடடா, நாம காசு வாங்கிட்டு எழுதற ரியாக்டிவ் புரோகிராமிங் இதுதானேடான்னு ஒரு சிரிப்பு வந்துச்சு.

அப்பதான் அந்த ஆள் வந்தார். மெஷின்ல அவரோட சாமை பாதி ஓடிட்டிருக்கு. "இன்னும் ஒரு படி வீட்ல இருக்கு, எடுத்தாந்துடறேன், கொஞ்சம் நில்லுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். மில்லுக்காரரும் நின்னார். மெஷின் சும்மா தடதடன்னு ஓடுது. உள்ள ஒண்ணும் இல்லை. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். வரிசையில பதினஞ்சு பை. என் பக்கத்துல குத்தவெச்சிருந்த பாட்டி பொறுக்க மாட்டாம கேட்டுச்சு:

"அவன் வர்ற வரைக்கும் என் பையைக் கொட்டினா மெஷினு கோவிச்சுக்குமாய்யா?"

எனக்கு வயித்துல சுருக்குன்னு ஆச்சு. மெஷின் சும்மா ஓடுது, ஆனா எவனுக்கும் மாவு கிடைக்கலை. சிபியு மூணு பர்சென்ட்.

இங்க கொஞ்சம் டெக்னிகல். பழைய மாதிரி ஜாவா சர்வர்ல வர்ற ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு த்ரெட், அதாவது ஆளுக்கு ஒரு வேலைக்காரன். டாம்கேட்ல சாதாரணமா 200 பேர் வரைக்கும் இருப்பாங்க. அதுல ஒருத்தன் ஒரு ஃபைலைத் திறந்து வெச்சுக்கிட்டு டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டு நின்னா மீதி 199 பேர் வேலை பாப்பாங்க. யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. ரியாக்டிவ்ல அப்படி இல்லை. ஈவண்ட் லூப்புக்கு மெஷின்ல எத்தனை கோரோ கிட்டத்தட்ட அத்தனை த்ரெட்தான். எங்களுக்கு நாலு. யாரும் எதுக்கும் காத்துக்கிட்டு நிக்க மாட்டாங்கங்கற நம்பிக்கையிலதான் நாலு பேரை வெச்சு ஆயிரக்கணக்கான பேருக்குப் பதில் சொல்றோம். அந்த நாலு பேரும் நின்னுட்டா கடையே மூடின மாதிரி. அதே தப்புதான், ஆனா விலை அம்பது மடங்கு.

இதுல ஃபைல் ஒரு நம்பிக்கைத் துரோகி. நெட்வொர்க்ல படிக்கறது தாமதமாகும்னு எல்லாருக்கும் தெரியும், ஜாக்கிரதையா இருப்போம். ஃபைல் நம்ம லேப்டாப்ல கண் சிமிட்டற நேரத்துல வந்துரும். பாதி நேரம் டிஸ்க்குக்கே போகாது, ஏற்கெனவே மெமரியில இருக்கறதை லினக்ஸ் எடுத்துக் குடுத்துரும். புரொடக்‌ஷன்ல அதே ஃபைல் நெட்வொர்க் வழியா மாட்டின டிஸ்க்குல இருக்கும். அது எப்ப மூடு அவுட் ஆகும்னு சொல்ல முடியாது.

இன்னொரு கூத்து. சாக்கெட்டுக்கு "டேட்டா வந்தா கூப்பிடு"ன்னு லினக்ஸ்கிட்ட ஈபோல் மூலமா சொல்லி வைக்கலாம். சாதாரண ஃபைலை ஈபோல்கிட்ட குடுத்தா, முடியாதுன்னு எர்ரர் அடிச்சுத் திருப்பி அனுப்பிரும். பழைய செலக்ட், போல் ரெண்டும் இன்னும் மோசம், ஃபைல் எப்பவுமே ரெடின்னு வாய் கூசாம சொல்லும். அதனாலதான் 2009-ல ரயான் டால் கொண்டு வந்த நோட் ஜேஎஸ்ல கூட, ஃபைல் வேலையெல்லாம் பின்னாடி ஒரு சின்ன த்ரெட் கூட்டத்துக்குப் போகுது. சொல்லாம விட்டா நாலே நாலு த்ரெட். ஜாவா 7-ல 2011-ல வந்த அஸின்க் ஃபைல் சேனலும் லினக்ஸ்ல இதே கதைதான். முன்னாடி அஸின்க்னு போர்டு, பின்னாடி ஒருத்தன் நின்னுக்கிட்டிருக்கான். 2019-ல லினக்ஸ் 5.1-ல ஐஓ யூரிங் வந்தப்பதான் இதுக்கு உருப்படியா ஒரு வழி பிறந்துச்சு.

சரி, கதைக்கு வருவோம். கேவுரு மாவை அத்தைகிட்ட குடுத்துட்டு லேப்டாப்பைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை எடுத்த த்ரெட் டம்ப் அதுல இருந்துச்சு. அன்னிக்கும் பாத்தோம். ஈவண்ட் லூப் நாலும் "ரன்னபிள்"னு காட்டுச்சு. ஓடிட்டுதான் இருக்குன்னு விட்டுட்டோம். ஃபைல் படிக்கறதுக்காக உள்ள போய் மாட்டிக்கிட்ட த்ரெட்டையும் ஜாவா ரன்னபிள்னுதான் காட்டும். பேர்தான் அது. கீழ நாலு வரி இறங்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்: நாலும் ஒரே இடத்துல, ஒரு டெம்ப்ளேட் ஃபைலைப் படிச்சுக்கிட்டு நிக்குது. ஹெல்த் செக்கும் அதே நாலு பேரை நம்பித்தான் இருந்துச்சு. அதுக்கும் பதில் வராம, குபர்நெட்டீஸ் செத்துட்டான்னு நினைச்சுக் கொன்னு புதுசா எழுப்பி, அதுவும் போய் அதே இடத்துல மாட்டி... அன்னிக்கு ஆறுல இருந்து ஏழு வரைக்கும் அந்த டிஸ்க்குல பேக்கப் ஓடியிருக்குன்னு அப்புறம் தெரிஞ்சுது. ஏழு மணிக்கு அதுவா சரியாச்சு. நாங்க திருப்பி எடுத்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

அந்த லைனை எழுதினது யாருன்னு கிட்ல பாத்தேன். பதினாலு மாசத்துக்கு முன்னாடி. என் பேரு.

மோனோ ஜஸ்ட்டுக்குள்ள ஃபைல் ரீடைப் போட்டு வெச்சிருக்கேன். பாக்க ரியாக்டிவ் மாதிரியே இருக்கும். ஆனா அடைப்புக்குறிக்குள்ள இருக்கறது அங்கயே, அப்பவே, ஈவண்ட் லூப் மேலயே ஓடி முடிச்சுட்டுதான் மோனோவே பிறக்கும். ரிவ்யூவுல ரெண்டு பேர் ஓகே சொல்லியிருந்தாங்க.

உண்மையைச் சொல்றேன், ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். கேஸ் முடிஞ்சு போச்சு. திங்கக்கிழமை சத்தமில்லாம ரெண்டு லைன் மாத்தினா எவனுக்கும் தெரியாது. அந்தப் பொண்ணும் புதுசு, ஒரு மாசத்துல எல்லாரும் மறந்துருவாங்க. இப்படியெல்லாம் மனசு கணக்குப் போட்டுச்சு. மறைக்க ஒண்ணும் இல்லை, போட்டுச்சு.

அப்புறம் வீட்டுக்குப் பின்னாடி மேட்டுல ஏறினேன். அங்கதான் சிக்னல் ஒரு கோடு வரும்.

"வெள்ளிக்கிழமை உன் கோடால இல்லம்மா. என்னோடது."

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. கட் ஆயிருச்சுன்னு நினைச்சேன்.

"ராத்திரி பூரா அந்த ரெண்டு லைனையே பாத்துட்டு இருந்தேண்ணா. எங்க தப்புன்னு கண்டுபிடிக்கவே முடியலை. எனக்கு இந்த வேலை வராதோன்னு..." அதுக்கு மேல பேசலை.

நானும் பேசலை. என்னத்தைச் சொல்ல.

திங்கக்கிழமை ரிப்போர்ட்டை என் பேர்லயே எழுதினேன். மாறாத டெம்ப்ளேட்டை ஒவ்வொரு தடவையும் எதுக்குப் படிக்கணும்? சர்வீஸ் எழும்போதே ஒரு தடவை படிச்சு மெமரியில வெச்சாச்சு. படிச்சே ஆக வேண்டிய ஃபைலையெல்லாம் ஃப்ரம் காலபிள்ல போட்டு பவுண்டட் எலாஸ்டிக் ஷெட்யூலருக்குத் தள்ளியாச்சு. கோருக்குப் பத்து த்ரெட் வரைக்கும் குடுக்கும், எங்களுக்கு நாப்பது. அதுவும் முழு மருந்து இல்லை. டிஸ்க் ரொம்ப நேரம் படுத்தா நாப்பதும் மாட்டும். டைம் அவுட் வெச்சாலும் கேட்டவனுக்குப் பதில் போகுமே ஒழிய, உள்ள மாட்டினவன் மாட்டினவன்தான். ஆனா ஈவண்ட் லூப் நாலும் ஃப்ரீயா இருக்கும், மத்தவங்க பொழப்பு ஓடும். கூடவே டெஸ்ட்ல பிளாக்ஹவுண்டைச் சேர்த்தோம். நிக்கக் கூடாத த்ரெட்ல எவனாவது நின்னா அங்கயே எர்ரர் போடும். முதல் நாளே மூணு இடத்துல போட்டுச்சு. ரெண்டு என்னோடது :-(

பிளாக்ஹவுண்டைச் சேர்த்தது அந்தப் பொண்ணுதான். இப்ப என் கோடை ரிவ்யூ பண்றதும் அவங்கதான், ஒரு வரி விடறதில்லை.

அந்தப் பாட்டி பை என்னாச்சுன்னு கேக்கறீங்களா? மில்லுக்காரர் ஒரு நிமிஷம் யோசிச்சார், அரைஞ்ச சாமையை ஒரு டின்னுல பிடிச்சு ஓரமா வெச்சார், பாட்டி பையை எடுத்துக் கொட்டினார். அந்த ஆள் திரும்பி வந்து கத்தினார். பாட்டி காதுலயே வாங்கிக்கலை, மாவைத் தூக்கிட்டுப் போயிட்டே இருந்துச்சு.

வர்ட்டா?