புல்லட்டும் பன்னீர் சோடாவும்

மணலூர்பேட்டைக்கு நான் வருஷத்துக்கு ஒரு தடவை போவேன். தை மாதம் ஐந்தாம் தேதி அங்கே தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். "சுவாமியே அவ்வளவு தூரம் வருகிறார், உனக்கு என்ன கேடு?" என்று அக்கா முன்பெல்லாம் கடிதம் எழுதுவாள். இப்போது அதையே டெலிபோனில் கேட்கிறாள். அந்த ஊரில் அக்காவைக் கொடுத்துவிட்டுப் போகாமல் இருக்க முடியுமா?

இந்தத் தடவை பஸ்ஸை விட்டு இறங்கியபோது, அக்கா மகன் புல்லட்டோடு காத்திருந்தான். அவன் தகப்பனார் ஓட்டிய பழைய வண்டி. கடைத்தெரு முனையில் அது திரும்பும்போதே வீட்டில் அக்கா அடுப்பில் பாலை வைத்துவிடுவாள். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் போய்ச் சேர்ந்துவிடும்.

காப்பி குடித்து முடிந்ததும் பையன் திண்ணையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, நம்ம சோடாக் கம்பெனியை விலைக்குக் கேட்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

கம்பெனி என்று அவன் சொன்னது கொல்லைப்புறத்து ஓட்டுக் கொட்டகையை. அதில் ஒரு மெஷின், இரண்டு ஆட்கள், பெட்டி பெட்டியாகக் கோலி சோடாப் புட்டிகள். அவன் தாத்தா ஆரம்பித்தது. அந்தப் பன்னீர் சோடாவுக்கென்று ஒரு வாசனை உண்டு. திருவிழாவுக்கு வந்தவர்கள் சுவாமியைப் பார்த்தார்களோ இல்லையோ, அந்தச் சோடாவைக் குடிக்காமல் ஊர் திரும்புவதில்லை.

கேட்கிறவர் பக்கத்து ஊர்ப் பெரிய வியாபாரி. அரிசி ஆலை, மளிகை, லாரி, செங்கல் சூளை, கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க், தண்ணீர் கேன் என்று ஏழு தொழில் அவருக்கு. கெட்ட மனிதர் அல்ல. நல்ல விலை சொல்லியிருக்கிறார். பெயரை மாற்ற மாட்டேன், ஆட்களை அனுப்ப மாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் வியாபார யோசனை கேட்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வேப்ப மரத்தடியில் புல்லட் நின்றுகொண்டிருந்தது. "என்னைக் கேட்காதே. அந்த வண்டியைக் கேள், அது சொல்லும்" என்றேன்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பெரிய வீட்டில் வாழ்க்கைப்பட்டு அந்த வண்டி பட்ட பாட்டை நான் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன்.

ராயல் என்ஃபீல்டின் பிறந்த வீடு இங்கிலாந்திலுள்ள ரெட்டிச். 1901-ல் அங்கே முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. 1932-ல் புல்லட் என்ற பெயர் வந்தது. 1962-ல் அந்தக் கம்பெனியை அதைவிடப் பெரிய இன்னொரு கம்பெனி வாங்கியது. 1967-ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. வாங்கி ஐந்தே வருஷம்!

ஆனால் அதற்குள் வண்டிக்கு நம் பக்கத்தில் ஒரு வீடு அமைந்துவிட்டது. மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியா என்று ஒரு கம்பெனி ஏற்பட்டது. மறு வருஷம் திருவொற்றியூரில் ஆலை. முதலில் அங்கே பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் செய்யக் கற்றார்கள். தாய்வீடு அழிந்த பிறகும் பெண் இங்கே பிழைத்திருந்தாள். 1977-ல் திருவொற்றியூரில் செய்த வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கஷ்ட காலம் 1980-களில் வந்தது. ஜப்பான் கூட்டுறவில் நூறு சி.சி. வண்டிகள் வந்திறங்கின. எடை குறைவு, பெட்ரோல் செலவும் குறைவு. கணக்குப் பார்க்கும் குடும்பஸ்தன் எதை வாங்குவான்? புல்லட் நொண்டியது. 1990-ல் ஐஷர் கம்பெனி கை கொடுத்தது. 1994-ல் தன்னோடு இணைத்துக்கொண்டது. அந்தக் கை நீளாவிட்டால் புல்லட்டின் கதை அப்போதே முடிந்திருக்கலாம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஐஷர் யார்? டிராக்டரும் லாரியும் செய்கிற வீடு. போதாததற்குச் செருப்பு, ஆயத்த ஆடை என்று சுமார் 15 தொழில்கள். அந்தக் கூட்டத்தில் புல்லட் எந்த மூலை? 2000-ம் வருஷத்தில் மாதம் 6,000 வண்டி செய்யக்கூடிய ஆலையிலிருந்து சுமார் 2,000 வண்டிதான் விற்றது. மூடிவிடலாமா, யாருக்காவது விற்றுவிடலாமா என்று பெரியவர்கள் யோசித்தார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பெரிய வீடு சின்னப் பெயரை வாங்குவது கொல்வதற்காக அல்ல. காசு கொடுத்து வாங்கியதை யாராவது கொல்வார்களா? ஆனால் வீட்டில் ஒரே ஒரு படிதான் இருக்கிறது. நெல்லையும் அதில்தான் அளக்கிறார்கள், குங்குமப்பூவையும் அதில்தான் அளக்கிறார்கள். டிராக்டரில் போட்ட ரூபாய் சீக்கிரம் திரும்பி வரும். மோட்டார் சைக்கிளில் போட்டது மெதுவாக வரும். ஆகவே அடுத்த ரூபாயும் டிராக்டருக்கே போகும். இதில் யார்மேலும் குற்றம் இல்லை. பந்தியில் கடைசி இலைக்குப் பாயசம் எட்டாமல் போவது போலத்தான். பட்டினி போட வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை; எட்டாமல் போகிறது, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால் சிக்கனம் என்று, பெரிய வீட்டு எஞ்சினையும் பெரிய வீட்டு ஆலையையும் சின்னப் பெயருக்குக் கொடுப்பார்கள். மைசூரில் 1961 முதல் வந்த ஜாவா, யெஸ்டியாகப் பெயர் மாறி, 1996-ல் ஆலையே மூடப்பட்டது. 2018-ல் மகிந்திரா பெரும்பங்கு வைத்திருந்த கம்பெனி ஒன்று ஜாவாவை மறுபடி எழுப்பியது. ஆலை, மகிந்திராவின் பீதாம்பூர் ஆலை. எஞ்சினும் மகிந்திராவின் இன்னொரு வண்டிக்காகப் பிறந்த எஞ்சினின் வழியில் வந்ததுதான். ஜனங்கள் ஆசையோடு பணம் கட்டினார்கள். ஒன்றரை மாதத்துக்குள் முன்பதிவையே நிறுத்த வேண்டியிருந்தது. வண்டி கைக்கு வரத்தான் மாதக்கணக்கில் ஆயிற்று. ஆசைக்குக் குறைவில்லை. சொந்தச் சமையலறை இல்லாத மருமகள் விருந்து வைப்பது சுலபமா?

அப்படியானால் புல்லட் எப்படித் தப்பியது? 2000-ல் ஐஷர் வீட்டுப் பிள்ளை சித்தார்த்த லால், வயது 26, அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் புல்லட் ஓட்டுகிறவர். இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஜெய்ப்பூரில் இருந்த இன்னொரு ஆலையை 2002-ல் மூடினார்கள். 2005-ல் ஐஷர் தன் தொழில்களில் பெரும்பாலானவற்றைக் கழித்துக் கட்டியது. வீட்டின் ஆதித் தொழிலான டிராக்டரையே சென்னை டாஃபே கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்! லாரியும் மோட்டார் சைக்கிளும் மட்டும் மிஞ்சின. கடைசி இலை முதல் பந்திக்கு வந்தது.

சும்மா பாசம் வைத்ததோடு நிற்கவில்லை. எண்ணெய் கசியும் பழைய இரும்பு எஞ்சினை மாற்ற வேண்டும். வலது காலில் இருந்த கியரை இடது காலுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய பக்தர்கள், "சத்தம் போய்விட்டால் அது புல்லட்டா?" என்று சண்டைக்கு வந்தார்கள். எதை மாற்றினால் பிழைக்கும், எதைத் தொட்டால் செத்துப்போகும் என்று பேரேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓட்டிப் பார்த்தவனால்தான் முடியும். 2009-ல் புதிய எஞ்சினோடும் பழைய முகத்தோடும் கிளாசிக் வந்தது. 2013-ல் ஒரகடத்தில் புதிய ஆலை. 2024-25-ல் ஒரே வருஷத்தில் பத்து லட்சத்துக்கு மேல் விற்பனை.

பையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "அப்போ விக்கவே வேணாம்னு சொல்றீங்களா?" என்றான்.

"அப்படி நான் சொல்லவில்லையே. 1990-ல் புல்லட்டையும் ஒரு பெரிய வீடுதான் காப்பாற்றியது. உனக்கும் பணம் இல்லை, புட்டிகள் உடைந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவரை ஒரே ஒரு கேள்வி கேள். பெயரை மாற்றுவீர்களா, ஆட்களை வைத்துக்கொள்வீர்களா என்பதெல்லாம் பிறகு. உங்கள் வீட்டில் எங்கள் சோடாவைக் குடிக்கிறவர் யார் என்று கேள். தண்ணீர் கேனுக்கும் சோடாப் பெட்டிக்கும் லாரியில் ஒரே இடம்தான் இருக்கிறது என்று ஒரு நாள் வரும். அன்றைக்குச் சோடாவை ஏற்று என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு வாய் வேண்டும்."

திருவிழா முடிந்து நான் ஊர் திரும்பிய பத்தாம் நாள் டெலிபோன் வந்தது.

"கேட்டேன் மாமா. அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்குச் சர்க்கரை தம்பி, சோடா வாசனையைக் கூட டாக்டர் பிடிக்க விடமாட்டேங்கிறார்னு சொன்னார். அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, என் பேத்தி குடிப்பா, திருவிழாவுக்கு வந்தா மூணு புட்டிக்குக் குறையாம குடிப்பான்னார்."

"பேத்திக்கு என்ன வயது?"

"ஒன்பது."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்தாறு ஆவதற்கு இன்னும் 17 வருஷம் இருக்கிறது. அதுவரைக்கும் கொட்டகையை ஓட்ட முடியுமா என்று பையனைக் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். பின்னால் புல்லட் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் டெலிபோனில் கேட்டது. எங்கேயோ சோடாப் பெட்டி கொண்டுபோகப் புறப்பட்டிருக்கிறான் போலிருக்கிறது.