உலக்கை யார் கையில்?

வானம் பொய்த்தால் உழவன் கலங்குவான். வானம் பெய்தால் பட்டாசுத் தொழிலாளி கலங்குவான். இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழும் விந்தையை நம் வட்டாரத்தில் காணலாம். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையே, கரிசல் மண்ணில் அமைந்த சிற்றூர் ஒன்றில் நாம் ஆசிரியப் பணி ஆற்றுகிறோம். நம் மாணவன் ஒருவனின் பாட்டன் புரட்டாசி பிறந்ததும் மேகம் திரளாதா என்று வானை நோக்குகிறார். அவர் மருமகளோ, மேகம் திரண்டால் இன்று வேலை உண்டா, கூலி உண்டா என்று வானை நோக்குகிறாள். மேகம் யாருக்குச் செவி சாய்க்கும்?

1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இவ்வறட்சியையே வாய்ப்பாக்கினர். பயிரைக் கருக்கிய வெயில் தீக்குச்சியை உலர்த்திற்று. விடியலில் ஆலை வண்டிகள் வந்து பெண்களை ஏற்றிச் செல்கின்றன. களையெடுக்க ஆளில்லை என்று நிலமுடையோர் புலம்புகின்றனர். களையெடுத்தபோது என்ன கூலி கொடுத்தீர் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. அது வேறு கதை.

2023ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. பள்ளி விழாவில் பேசும் பொறுப்பு நம்மிடம் வந்தது. கல்லூரியில் கலைப்பட்டம் பெற்ற நாவல்லவா, சும்மா இருக்குமா? "குதிரைவாலி உண்ட குலம் நாம்! கம்பும் சோளமும் கண்ட களம் நம் களம்! வெள்ளை அரிசிக்கு விடை கொடுப்போம்!" என்று முழங்கினோம். கைதட்டல் கிடைத்தது. நமக்கு மகிழ்ச்சியும் கிடைத்தது, மறைப்பானேன்?

கூட்டம் கலையும் வேளையில் அந்த மாணவனின் பாட்டி நம் அருகே வந்தார்.

"நெல்லுச்சோறு தின்னது தீவாளிக்கும் பொங்கலுக்குந்தான் தம்பி. பெரிய வீட்டுல அன்னாடம் பொங்குவாக; அந்த வாசனைக்குன்னே அவுக வாசல்ல நின்னுருக்கேன். இப்ப எங்க வீட்டுலயும் பொங்குது. அதெ விட்டுட்டு மறுபடி உலக்கைய எடுக்கச் சொல்லுதீக. நீங்க என்னைக்காச்சும் குதிரைவாலி குத்தியிருக்கீகளா?"

இல்லை என்றோம். நம் தாயார் குத்தியிருக்கிறார், நாம் உண்டிருக்கிறோம்.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையருகே உரலில் ஒரு படி குதிரைவாலியை இட்டார்; உலக்கையை நம்மிடம் தந்தார். குதிரைவாலி கம்பைப்போல் எளிதில் இணங்குவதன்று. மணியோ கடுகினும் சற்றே பெரிது. உமியோ அதைக் கவ்விப் பிடித்திருக்கிறது. ஓங்கிக் குத்தினால் நொய்யாகிவிடும்; மெல்லக் குத்தினால் உமி அகலாது. குத்தி, முறத்தில் புடைத்து, அகலாத மணியை மீண்டும் உரலில் இட்டு, மீண்டும் புடைத்து... மூன்றாம் முறைக்குள் நம் உள்ளங்கையில் கொப்புளம் எழுந்தது. பாட்டி சிரிக்கவில்லை. உலக்கையை வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தாமே முடித்தார். ஆண்கள் பேசுவதும் பெண்கள் குத்துவதுமாக இருந்த காலத்தைத்தான் நாம் மேடையேறிப் புகழ்ந்திருக்கிறோம்!

1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி ஏன் அவ்வளவு வலிமை பெற்றது என்பது அன்றுதான் நமக்கு விளங்கிற்று. 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆகி, 2011இல் விலையின்றியே கிடைத்த அரிசி வயிற்றை மட்டுமா நிரப்பியது? பெரிய வீட்டு வாசலில் நின்றவளை நிமிரச் செய்தது.

எனினும் மண்ணின் கதை வேறாக இருக்கிறது. 1966இல் வந்த ஐ.ஆர். 8 நெல்லும் அதன் வழிவந்தவையும் பாசனமும் உரமும் உள்ள நிலத்தைச் செழிக்கச் செய்தன. எம். எஸ். சுவாமிநாதன் போன்றோர் காட்டிய அவ்வழி நாட்டின் பசியைத் தணித்தது. மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆனால் வைப்பாற்றில் மணலையே மிகுதியும் கண்ட மக்களுக்கு அந்நெல்லால் என்ன பயன்? அருகிலுள்ள கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் 1960களில் பணியாற்றிய நம்மாழ்வார், செலவு மிகுந்த ஆய்வுகள் மானாவாரி உழவனுக்கு உதவா எனக் கண்டு வேலையைத் துறந்தார். 2013இல் மறையும்வரை மரபு விதைக்காகவும் இயற்கை உழவுக்காகவும் ஊர் ஊராய் நடந்தார். அவர் சொன்னதும் மெய்யே.

இருவரையும் எதிரெதிரே நிறுத்தி வழக்காடுவோர் ஒன்றை மறக்கின்றனர். கொல்லிமலையில் சாமை குத்தி ஓய்ந்த பெண்களுக்கு உமி நீக்கும் சிறு பொறிகள் கிடைக்கச் செய்தது சுவாமிநாதன் பெயரால் இயங்கும் ஆராய்ச்சி நிறுவனமே. உலக்கை ஓய்ந்தது, சாமை ஓயவில்லை.

நம் ஊரில் அது இல்லை. பாட்டன் குதிரைவாலியை உமியோடு மூட்டைகட்டி வணிகரிடம் தள்ளுகிறார். அது ஏதோ ஓர் ஆலையில் உரிபட்டு, நகரத்துக் கடையில் நீரிழிவுக்கு ஏற்ற உணவாய்ப் பொலிகிறது. விளைவித்தவர் வீட்டிலோ ரேஷன் அரிசி. 2023-24இல் நடுவண் அரசு கம்புக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் ஆதரவு விலை அறிவித்தது. சோளத்துக்கும் கேழ்வரகுக்கும் அப்பட்டியலில் இடமுண்டு, குதிரைவாலிக்கு இல்லை. விழா உண்டு, விலை இல்லை! நிலத்தைத் தரிசாகவே போடலாம் என்கிறான் அவர் மகன். 2016இல் கமுதிப் பக்கம் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்ததைக் கேள்விப்பட்டவன். மழையை நம்பாத விளைச்சல் அதுதானே என்று கேட்கிறான். அவனைக் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை.

ஊருக்கொரு உமி நீக்கும் பொறி வேண்டுமென விண்ணப்பம் எழுதினோம். அடுக்குமொழி எதுவும் சேர்க்கவில்லை. வீடு வீடாகச் சென்று கையொப்பம் வாங்கினோம். பாட்டி பெருவிரல் பதித்தார். பின் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தவாறே கேட்டார்:

"மிசினு வர்றவரைக்கும் ரேசன் அரிசிய நிறுத்திப்புடக் கூடாதுன்னு எழுதியிருக்கீகளா?"

எழுதவில்லை. அங்கேயே திண்ணையில் அமர்ந்து, அவ்வரியையும் சேர்த்தோம்.