நாற்பத்தைந்து காசு

தேக்காச் சந்தை 1982ஆம் ஆண்டில் புதிய கட்டடத்துக்கு மாறுவதற்கு முன்னர், 1978ஆம் ஆண்டுப் பொங்கலுக்குப் பொருள்கள் வாங்க நாங்கள் நால்வர் அங்குச் சென்றிருந்தோம். ஐந்தாம் வகுப்பு மாணவர் சேர்த்த இருபது வெள்ளி எங்கள் தோழன் ஒருவனிடம் இருந்தது. அவன் தோட்டத்துப் பிள்ளை. தந்தையார் பால்மரம் வெட்டுபவர்.

பச்சரிசி 4.80, வெல்லம் 2.25, கரும்பு 3, முந்திரிப்பருப்பு 1.5 என ஒரு தாளில் அவனே குறித்து வந்தான். பள்ளிக்குத் திரும்பிக் கூட்டினோம், 11.10 வந்தது. அப்படியாயின் மீதி 8.90 இருத்தல் வேண்டும். பையில் இருந்ததோ 8.45. நாற்பத்தைந்து காசு குறைந்தது.

ஒருவரும் வாய்திறந்து அவனைக் குற்றம் சொல்லவில்லை. ஆயினும் எல்லாருடைய கண்களும் அவன் மீதே சென்றன. எங்களுள் வேறு எவரேனும் பையைச் சுமந்திருந்தால் அவ்வாறு பார்த்திருப்போமா என்பது ஐயமே. அவன் காற்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டிவிட்டு நின்றான்.

ஆசிரியர் தாளை வாங்கிப் பார்த்தார். “1.5 என்பதன் ஐந்தை எந்த இடத்தில் வைத்துக் கூட்டினீர்கள்?” என்று வினவினார். கடைசி இலக்கம் கடைசி இலக்கத்தின் கீழ் வரவேண்டும் என்று எண்ணி, ஐந்தைக் காசின் ஒன்றாம் இடத்தில் வைத்திருந்தோம். ஒரு வெள்ளி ஐம்பது காசு, எங்கள் கையில் ஒரு வெள்ளி ஐந்து காசாகிவிட்டது. ஆசிரியர் கரும்பலகையில் முதலில் புள்ளிகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார். பின்னரே எண்களை எழுதினார். 1.5 ஐ 1.50 என்றும், 3 ஐ 3.00 என்றும் நிரப்பினார். கூட்டுத்தொகை 11.55. இருபதை 20.00 என எழுதிக் கழித்தார், 8.45 வந்தது.

முந்திரியால் வந்த வினை! நம் முன்னோர் கணக்கில் 1/320 என்னும் சிறு பின்னத்துக்கும் முந்திரி என்றே பெயர்.

வீட்டில் இதைக் கேட்ட பாட்டியார் சிரித்தார். அவருக்குக் கட்டியும் தாயிலுமே பழக்கம். ஒரு கட்டிக்குப் பதினாறு தாயில். பத்துத் தாயிலும் எட்டுத் தாயிலும் சேர்ந்தால் ஒரு கட்டி இரண்டு தாயில். ஊரில் அவர் அறிந்த ரூபாய்க்கும் பதினாறு அணா. 1957இல்தான் இந்தியாவில் அது நூறு பைசாவாயிற்று. பத்து நிறைந்ததும் அடுத்த இடத்துக்கு ஒன்று செல்லும் தசம முறை அவருடைய முறையினும் எளிது. புள்ளி பிசகினால் மட்டும் அது பொல்லாதது. சிராங்கூன் சாலை நகைக்கடையில் 8.6 கிராமையும் 8.06 கிராமையும் ஒன்றெனக் கொள்வோர் அரைக் கிராமுக்கு மேல் பொன்னை இழப்பர்!

தோழனிடம் மன்னிப்புக் கேட்டோம். தலையசைத்தான். பொங்கலன்று எங்களுடன் அமர்ந்து உண்டான். மறு ஆண்டு பொருள் வாங்கச் சென்றபோதும் பணப்பையை அவனிடமே நீட்டினோம். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். தாளையும் பென்சிலையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான்.