ஸஹ்ரா பேசாத அந்தக் காட்சி

ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஒஃப் ஹெவன்’ 1997 இல் வெளிவந்த திரைப்படம். சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஈரானியப் படமும் இதுதான்.

கதை சிறியது. டெஹ்ரான் நகரின் ஏழைக் குடும்பமொன்றில் அலி என்ற சிறுவன், தைக்கக் கொடுத்து வாங்கிய தங்கை ஸஹ்ராவின் சப்பாத்தை மரக்கறிக் கடையில் தொலைத்துவிடுகிறான். புதிது வாங்க வீட்டில் பணமில்லை என்பது இருவருக்கும் தெரியும். எனவே வாப்பாவிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள். காலையில் பாடசாலை செல்லும் ஸஹ்ரா அலியின் சப்பாத்தை அணிந்து போவாள். வகுப்பு முடிந்ததும் ஓடிவந்து கழற்றிக் கொடுப்பாள். பிற்பகல் வகுப்புக்கு அலி ஓடுவான்.

ஒருநாள் ஸஹ்ரா தன் சப்பாத்தை ரோயா என்ற மாணவியின் கால்களில் காண்கிறாள். பின்தொடர்ந்து சென்று வீட்டை அறிந்துகொள்கிறாள். பிறகு அலியையும் அழைத்து வருகிறாள். இருவரும் மறைந்து நின்று பார்க்கிறார்கள். ரோயாவின் தந்தைக்குக் கண் தெரியாது. அதைக் கண்டதும் பிள்ளைகள் இருவரும் ஒன்றும் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள்.

அந்த நேரம் ஸஹ்ரா என்ன நினைத்திருப்பாள்?

என்னோடு படம் பார்த்த உம்மா, “பாவம் எண்டு விட்டிட்டா” என்று சொன்னா. அது சரிதான். ஆனால் எனக்கு அது மட்டுமாகத் தோன்றவில்லை. சப்பாத்துக் கேட்டால் வாங்கிக் கொடுக்க முடியாத வீடு எப்படியிருக்கும் என்று ஸஹ்ராவுக்குத் தெரியும். ரோயாவின் வாசலில் அவள் தன் வீட்டையே கண்டிருப்பாள். மகளின் காலில் இருப்பது யாருடைய சப்பாத்து என்று பார்க்கக்கூட முடியாத தந்தையின் முன்னால், “இது என்னுடையது” என்று எப்படிச் சொல்வது? ரோயா திருடியவளும் அல்லவே.

அவள் மனதில் இன்னொன்றும் இருந்தது. அது பின்னர்தான் நமக்குத் தெரிகிறது. சில நாட்களில் ரோயா புதுச் சப்பாத்தோடு வருகிறாள். பழையதை என்ன செய்தாய் என்று ஸஹ்ரா கேட்கிறாள். எறிந்துவிட்டார்கள் என்று அறிந்ததும் அவள் முகம் மாறிவிடுகிறது. ஆசையை முழுவதும் விட்டிருந்தால் அவளுக்கு ஏன் வலிக்க வேண்டும்? அன்று அவள் சப்பாத்தைத்தான் விட்டுக்கொடுத்தாள். ஆசை அவளோடேயே இருந்தது. அண்ணனின் பெரிய சப்பாத்தை இழுத்துக்கொண்டு ஓடிய ஒவ்வொரு நாளும் அது இருந்திருக்கும்.

இந்தக் காட்சி என்னைத் தொட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நானாவின் டியூஷன் செலவு கூடிய வருடம் எனது சித்திர வகுப்பு நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. “என்ட மகள் நல்ல பொறுமை” என்று உம்மா சொந்தக்காரரிடமெல்லாம் சொன்னா. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சனிக்கிழமைகளில் என் தோழிகள் சித்திரக் கொப்பிகளோடு எங்கள் வாசலைக் கடக்கும்போது நான் அறைக்குள் போய்விடுவேன்.

பொறுமை பெரிய குணம். ஆனால் பேசாமலிருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் தேவையில்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பாராட்டும்போது, “உனக்கும் அது விருப்பம்தானே மகள்?” என்று ஒருமுறை கேளுங்கள். கேட்ட பொருள் கிடைக்காமல் போகலாம். நம் மனதை ஒருவர் அறிந்திருக்கிறார் என்ற ஆறுதலாவது கிடைக்கும்.