மறதி நோயும் உடன் நடத்தலும்

முதுமை வந்தால் மறதியும் வருமென்று கூறி வாளாவிருப்பார் பலர். ஆயின், பெற்ற மக்களையும் பிறந்த ஊரையும் மறக்கச்செய்யும் மறதி முதுமையின் இயல்பன்று. மூளையைப் பற்றும் நோய்களால் வருவது. இவற்றுள் முதன்மையானதை 1906ஆம் ஆண்டில் விளக்கியுரைத்தவர் ஜெர்மானிய மருத்துவராகிய அலாய்ஸ் அல்சைமர் என்பார். 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 5 கோடியே 70 இலக்கம் பேர் மறதி நோயுற்றிருந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

எம் பாட்டியாரும் இந்நோயுற்றவரே. நாடோறும் நெடுந்தூரம் நடத்தல் அவரது இளமைதொட்ட வழக்கம். நோய் கண்ட பின்னரும் கால்கள் அவ்வழக்கத்தை மறந்தில; திரும்பும் வழியே மறந்தது. ஒருநாள் இரவு வெகுநேரம் தேடி அவரைப் பேருந்து நிலையத்திற் கண்டு அழைத்துவந்தோம். மறுநாள் உறவினர் கூடி வாயிற்கதவைப் பூட்டிவைத்தனர். அன்பினாற் செய்ததே அது. எனினும், தாழ்ப்பாளைப் பற்றி நின்று, "நான் என்ன பிழை செய்தேன்?" என்று அவர் வினவியபொழுது ஒருவரும் விடைகூறிற்றிலர். எம் தந்தையார் எழுந்து பூட்டைத் திறந்தார்.

அதுமுதல் வீட்டில் ஒருவர் மாறி ஒருவராக அவருடன் நடந்து வருகின்றோம். நோயை மறையாது தெருவார்க்கும் உரைத்தோம். பாட்டியார் தனியே வரக்கண்டால், பூக்காரம்மாளும் தேநீர்க்கடைக்காரரும், "வாருங்கள் அம்மா, சற்று இருங்கள்" என்று அமர்த்தி, எமக்குத் தொலைபேசியில் அறிவிப்பர்.

இம்முறையை ஒரு நாடே கைக்கொண்டது. ஜப்பானியர் 2004ஆம் ஆண்டில் இந்நோய்க்கு வழங்கிய இழிபெயரை நீக்கி, 'நின்சிஷோ' என்னும் புதுப்பெயரிட்டனர். 2005ஆம் ஆண்டு முதல் கடைக்காரர்க்கும் வங்கி ஊழியர்க்கும் பள்ளிச் சிறுவர்க்கும் குறும்பயிற்சி அளித்து, நோயாளர்க்குத் துணைவராக்கி வருகின்றனர். நம் நாட்டிலும் இந்நோயுற்றோர்க்கென ஒரு சங்கம் 1992ஆம் ஆண்டில் கேரளத்தில் தோன்றியது.

நடை இந்நோயைத் தீர்க்கும் மருந்தன்று. அங்ஙனம் கூறுதல் பொய்யாம். ஆயினும் உடலுழைப்பின்மையும் தனிமையும் இந்நோய்க்கு வழிகோலும் 14 காரணங்களுள் அடங்குமென 2024ஆம் ஆண்டில் லான்செட் ஆய்வுக்குழுவினர் உரைத்தனர். நோயுற்றார்க்கும் நடையால் நன்மையுண்டு; நடந்த நாள்களில் எம் பாட்டியார் அமைதியாய் உண்டு உறங்குதலைக் கண்டுள்ளோம்.

எம் பெயர் இன்று அவர்க்கு நினைவில்லை; கையைப் பற்றி நடத்தல் மட்டும் போதியதாயிருக்கின்றது. மாணவ நண்பர்காள்! உங்கள் தெருவிலும் இத்தகையார் ஒருவர் பூட்டிய கதவின் பின்னே இருத்தல் கூடும். வீட்டாரிடம் கேட்டு, வாரத்தில் ஒருநாள் மாலையேனும் அவருடன் நடந்து வாருங்கள்.